முகவரியில் உட்கார்ந்திருப்பது யார்?

"சார், புது நெட்வொர்க் சுவிட்சுக்குக் கொடுக்க வேண்டிய ஐ.பி. முகவரியில ஏற்கெனவே வேற ஏதோ ஒண்ணு உட்கார்ந்திருக்கு. கூப்பிட்டா பதில் சொல்லுது" என்றாள் நெட்வொர்க் எஞ்சினியர்.

முதலாளியின் முகம் சிவந்தது. "எனக்குத் தெரியாம இந்த ஆபீஸ்ல ஒரு ஈ கூட நுழைய முடியாது. உள்ளேயிருந்து எவனோ உளவு பார்க்கிறான். கண்டுபிடி, இன்னிக்கே சீட்டைக் கிழிக்கிறேன்!"

அவர் பார்வை கணக்காளர் மேல் விழுந்தது.

"சத்தியமா நான் இல்லீங்க சார்."

"ஒவ்வொரு ஒயரா பிடுங்கிப் பார்க்கலாம் சார்" என்றாள் அவள். "எதைப் பிடுங்கினா பதில் நிக்குதோ, அங்கதான் அது இருக்கு."

முதலாளி பொறுமையிழந்து, பிறந்தநாளுக்கு மனைவி வாங்கித் தந்த, அறைச் சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம் பிடுங்கும்மா!"

கணக்குப் பிரிவின் ஒயரை உருவினாள். பதில் வந்துகொண்டே இருந்தது. கணக்காளருக்குப் போன உயிர் திரும்பியது. வரவேற்பறை, கிடங்கு... ம்ஹூம், நிற்கவில்லை.

"பாக்கி உங்க ரூம் வைஃபை ஒயர் மட்டும்தான் சார்."

"இங்க என்னைத் தவிர யாரு இருக்கா? அதையும் பிடுங்கு!"

பிடுங்கினாள். பதில் சட்டென்று நின்றது.

முதலாளியின் போன் அலறியது. பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். மனைவி.

"ஏங்க, நான் வாங்கிக் குடுத்த கடிகாரம் நின்னு போச்சா?"

எல்லாரும் சுவரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.