இடப்பக்க ஸ்பிரிங்

என்னுடைய கார் என் மகளைவிட வயதில் மூத்தது. இரண்டே இருக்கை, தரையோடு தரையாக உயரம். அதை வாங்கிய விலைக்கு இன்று நல்ல பைக் கூட வராது. ஆனால் வளைவில் திருப்பினால் சாலை உள்ளங்கையில் வந்து பேசும். புதிய கார்கள் வாயே திறப்பதில்லை.

ஒரே குறை, இடப்பக்கம் சற்று இறங்கி நிற்கும். மெக்கானிக் இரண்டு முறை ஸ்பிரிங் மாற்றிப் பார்த்தார்.

"ஸ்பிரிங்ல ஒண்ணும் இல்ல சார். பக்கத்து சீட்ல ஆள் உக்காந்திருந்தா எப்படி நிக்குமோ, அப்படி நிக்குது," என்றார்.

என் மனைவி ஏறி உட்கார்ந்தாள். வண்டி அதற்குமேல் கொஞ்சமும் இறங்கவில்லை.

"யாரோ எழுந்து எனக்கு இடம் குடுக்கறாங்க," என்றாள். "பஸ்லகூட யாரும் குடுக்க மாட்டேங்கறாங்க."

அதன்பின் ஞாயிறுதோறும் ஊரைத் தாண்டி ஒரு சுற்று போய்வந்தோம்.

போன மாதம் என் முதுகு மக்கர் செய்ய ஆரம்பித்தது. அவ்வளவு குனிந்து ஏறி இறங்க முடியவில்லை. மனமே இல்லாமல் ஒருவரிடம் விற்பதாகப் பேசி முடித்தேன். நாளை எடுத்துப் போகிறார்.

இன்று கடைசியாக ஒரு சுற்று போனோம். வீட்டு வாசலில் முதலில் அவள் இறங்கினாள். இடப்பக்கம் வழக்கம்போல அசையவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன். நான் இறங்கினால் என் பக்கம் மெல்ல மேலெழும்பும். இன்று எழும்பவில்லை.

சாவி என் கையில் இருந்தது. இருவரும் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கதவச் சாத்துங்க," என்றாள் மனைவி. "அவங்க கிளம்பட்டும்."