கலைப்பற்று

"ஏனுங்க அம்மணி, கொழந்தைக்குக் காய்ச்சலாமா? அதைய ஊட்டுல உட்டுப்போட்டு, இங்க வந்து ஊரைச் சிரிக்க வெக்கறீங்களா? பெத்தவ பண்ற காரியமுங்களா இது?"

துடியலூர்க் கோயில் விழா மேடைக்குப் பின்னால், விழாக் குழுத் தலைவர் நஞ்சப்பன் சத்தம் போட்டார். நகைச்சுவைக் குழுவின் வசந்தமணி முகத்துக்குப் பவுடர் அடித்தபடியே பல்லைக் கடித்தாள்.

"எங்கம்மா பாத்துக்கறாங்க. ஒத்துக்கிட்ட புரோகிராமுங்க."

"பேச்சைப் பாரு!"

முணுமுணுத்தபடி மேடையேறிய தலைவர், குழுவின் மிமிக்ரி கலைஞன் நடராஜுக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைப் பிடித்தார்.

"பெத்த கொழந்தை காய்ச்சல்ல கெடக்குது. அப்பவும் நமக்காக வந்திருக்காரு பாருங்க! இதுதானுங்க கலைப்பற்று!"

கைதட்டல் அடங்க நேரமானது. நடராஜ் கும்பிட்டபடி நின்றான்.

வசந்தமணி விறுவிறுவென்று மேடையேறி இன்னொரு மைக்கை எடுத்தாள்.

"ஏனுங்க தலைவரே, கொழந்தைய உட்டுப்போட்டு வந்தேன்னு பின்னால என்னையத் திட்டுனீங்களே, ரெண்டு ஊட்டுலயும் காய்ச்சல்னு நெனச்சீங்களா? காய்ச்சல்ல கெடக்கறது ஒரே கொழந்தைதானுங்க. இவரு எம்பட ஊட்டுக்காரரு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல ஜோக்குங்க அம்மணி!"

அவள் சிரிக்கவில்லை. புருஷன் தோளிலிருந்த பொன்னாடையை உருவினாள்.

"ஜோக்கு முடிஞ்சுதுங்க. நீங்க ஊட்டுக்குப் போயி கொழந்தையப் பாருங்க. நான் புரோகிராமை முடிச்சுப்போட்டு வாரேன்."