துடைத்த துணி

மெக்கானிக் ஷெட்டில் இரண்டு பழைய ரேஸ் பைக்குகள் விற்பனைக்கு நின்றன. சிவப்பு பெரியது, மெக்கானிக் தினமும் துடைத்துத் துடைத்து வைப்பதால் பளபளவென்று இருக்கும். பச்சை சின்னது, பெயிண்ட் உரிந்தது.

பழைய வண்டிகளுக்கான பந்தயத்தில் முதல்முறை ஓட்டப்போகும் தாட்சாயணி வந்தாள். சிவப்பைக் கிளப்ப உதைத்தாள். அது தன் பலத்தைக் காட்டுவதற்காக, கிக்கரால் அவள் காலையே திருப்பி அடித்தது. காலைத் தேய்த்துக்கொண்டே பச்சையை உதைத்தாள். ஒரே உதையில் கிளம்பியது.

"எனக்கு இதுதாண்ணே சரி," என்று மெக்கானிக்கிடம் சொல்லி வாங்கி, அதே ஷெட்டில் நிறுத்திக்கொண்டாள்.

சிவப்புக்கு வயிறு எரிந்தது.

பந்தயத்தன்று மழை. பச்சை உடம்பெல்லாம் சேற்றோடு திரும்பியது.

"எத்தனையாவது வந்தே?" என்று சிவப்பு பச்சையிடம் கேட்டது.

"கடைசிண்ணே."

"அதானே பார்த்தேன்! நான் போயிருந்தா கப்போட வந்திருப்பேன்."

"வந்திருப்பீங்கண்ணே. ஆனா அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் சிரிச்சுக்கிட்டே ஓட்டுச்சு."



தாட்சாயணி பச்சையைத் துடைத்தாள். ஈரத்துணியைச் சிவப்பின் ஹேண்டில்பாரில் காயப்போட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்து ஒரு சொட்டுச் சேறு சிவப்பின் டேங்கில் விழுந்தது.

நாளைக்கு மெக்கானிக் வந்து அந்த ஒரு சொட்டையும் துடைத்துவிடுவாரே என்று சிவப்புக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது.