காந்தம் வைத்துப் பாருங்கள்

கிழவர் இன்னொரு முறை குனிந்தார். பெயிண்டில் கீறல் விழாதபடி பழைய காலுறைக்குள் போட்டிருந்த காந்தத்தைக் காரின் முன்கதவின் அடியில் வைத்தார். அது டப்பென்று ஒட்டிக்கொண்டது.

"பாருங்க, ஒட்டுது" என்று டோரீன் கணவன் கிளேட்டனின் விலாவில் இடித்தாள். "அவரு பார்க்கிற தோரணையே வேற. பரிசு குடுக்கிற ஆளா இருந்தாலும் இருக்கும். கொஞ்சம் சிரிங்களேன். நம்ம வண்டியைத் திருடிட்டு வந்தவரு மாதிரி நிக்கிறீங்க."

கிளேட்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்சிகனில் அது ஒன்றும் பெரிய வெயில் இல்லை. பழைய கார் கண்காட்சி நடந்த பூங்கா முழுக்கக் கார்களைச் சுற்றி ஜனங்கள் ஹாட் டாக் தின்றபடி உலாத்திக்கொண்டிருக்க, அவன் ஒருவன் மட்டும் சட்டை நனைய நின்றான்.

அந்தப் பலகைதான் அவன் உயிரை வாங்கியது. 'என் மாமனார் எட்வின் நினைவாக. 1956 செவர்லே. எல்லாம் தகடு, பட்டி கிடையாது. சந்தேகமா? காந்தம் வைத்துப் பாருங்கள்.' அவனை ஒரு வார்த்தை கேட்காமல் டோரீன் நேற்று எழுதியது.

அவளுக்கு எழுத நியாயம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் எட்வின் இந்தக் காரை வெளியூர்க்காரர் ஒருவரிடம் வாங்கினார். ஒரே ஒரு பனிக்காலம்தான் ஓட்டினார். ஈஸ்டர் அன்று சர்ச் வாசலில் கதவைச் சாத்தினார். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருந்த மூலை பொத்தென்று தெருவில் விழுந்தது.

உள்ளே இரும்பே இல்லை. துரு தின்ற ஓட்டையில் செய்தித்தாளைத் திணித்து, மேலே காந்தம் ஒட்டாத பட்டிப் பசையைப் பூசி, பெயிண்ட் அடித்திருந்தது. விற்றவரைத் தேடிப் போனால் வீடு காலி. அன்றிலிருந்து சாகும்வரை ஊருக்கு அவர் 'பட்டி எட்வின்'தான்.

அந்தப் பெயரைத் துடைக்கத்தான் மகன் கிளேட்டன் ஆறு வருஷம் மாடாய் உழைத்தான். துருவேறிய இடத்தையெல்லாம் அறுத்தெறிந்து, புதுத் தகடு வெட்டி வெல்டிங் வைத்தான். கடைசியாக மிஞ்சியது அதே மூலை. மூன்று தரம் தகடு வெட்டியும் வளைவு சேரவில்லை. தோள்பட்டை வேறு கழன்று விழுகிற மாதிரி வலி, பெயிண்ட் அடிக்க நாளும் குறித்தாகிவிட்டது. இரண்டு விரல் கனத்துக்குப் பட்டியை அப்பினான்.

அப்பாவை ஊர் சிரிக்க வைத்தவன் செய்ததையே, அதே இடத்தில், தானும் செய்துவிட்டான். நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவமானமாக இருந்தது.

கிழவர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். சாத்தும்போது இரண்டு கையாலும் அதை லேசாகத் தூக்கிச் சாத்தினார். தொங்கிய பழைய கீல்களை மாற்றியாகிவிட்டது, தூக்க வேண்டிய அவசியமே இல்லை. கீலைக்கூட நம்பாத மனுஷன் எதைத்தான் விடப்போகிறார் என்று கிளேட்டனுக்குத் தோன்றியது.

நினைத்த மாதிரியே அவர் பின்பக்கம் போனார். அந்த மூலைக்கு நேராக மண்டியிட்டார். காந்தத்தை ஒரு சாண் தூரம் வரை கொண்டுபோனவர், வைக்காமலே கையை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"அங்க மட்டும் விட்டுட்டீங்களே, பெரியவரே" என்றாள் டோரீன். "வைங்க, வைங்க. எங்க வீட்டுக்காரரு பட்டி டப்பாவை ஷெட்டுக்குள்ளயே விடமாட்டாரு."

"வேண்டாம்மா."

"அட, வைங்க. அந்த இடத்துலதான் எங்க மாமனாரு மானம் போச்சு."

கிழவர் காந்தத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டார். அவர் கிளேட்டனைப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார், பெண்டாட்டி முன்னால் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் தவிக்கிறார் என்று கிளேட்டனுக்குப் பட்டது. அந்த இரக்கத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"வைக்காதீங்க ஐயா" என்றான். "ஒட்டாது."

"என்ன சொல்றீங்க?" என்றாள் டோரீன்.

"உள்ள பட்டிதான், டோரீன். நான்தான் வெச்சேன். உன்கிட்ட சொல்ல வாய் வரலை."

டோரீன் அவனையே பார்த்தாள். பிறகு பலகையை எடுத்து, எழுத்துத் தெரியாமல் புல்லில் கவிழ்த்தாள். பக்கத்துக் காருக்குச் சொந்தக்காரன் தின்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது கிளேட்டனுக்கு.

கிழவர் மடக்கு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "உங்கப்பா இதை வித்த ஆளை ரொம்பத் திட்டினாரா?" என்று கேட்டார்.

"அவரு ஒரு வார்த்தை திட்டினதில்லை. நான்தான் திட்டினேன். விளங்கவே மாட்டான், நாசமாப் போவான்னு இந்த முப்பது வருஷமாத் திட்டிக்கிட்டிருந்தேன்." கிளேட்டன் கவிழ்ந்து கிடந்த பலகையைப் பார்த்தான். "இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் திட்டுவேன்?"

கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்பத் திட்டு தம்பி. இதை உங்கப்பா தலையில கட்டினவன் நான்தான்."