மாரி, மாரி!

கூடையோடு கிளம்பிய மாரியாயியை, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வீட்டு வாசலிலேயே மறித்தார் அவள் புருஷன் வீராசாமி.

"நேத்து வாங்கின கீரையே வாடிக் கெடக்கு. தினமும் பாசார்ல என்னடி வேலை?"

"கீரை விக்கிற மலாய்க்காரி 'மாரி, மாரி'னு வாய் நெறையக் கூப்பிடுறா. போகாம இருக்க முடியுமா?"

வீராசாமி விழுந்து விழுந்து சிரித்தார். "அடி பைத்தியமே! மலாய்ல 'மாரி'ன்னா 'வா'ன்னு அர்த்தம். உன் பேருன்னா நெனச்சே?"

"மொத நாள் அப்படித்தான் நெனச்சேன். அவகிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அதுலேருந்து தினம் ஒரு வார்த்தை கத்துக்கிறேன். இன்னைக்கும் போய்த்தான் தீருவேன்."

"பேரன் எடுக்கிற வயசுல படிப்பு கேக்குதாக்கும்!"

"சுடா லம்பாட்!"

"அப்படின்னா?" 'மாரி'க்கு மேல் மலாய் அறியாதவர் விழித்தார்.

"நேரமாச்சுன்னு அர்த்தம்." படியிறங்கியவள் திரும்பிக் கையை நீட்டினாள். "மாரி, மாரி!"

வீராசாமி செருப்பைத் தேடினார்.