பல்லி சொன்ன செலவு

பல வருடங்களாகவே இந்தக் கதையை நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னது, தொடக்கப் பள்ளியின் சுவர் விரிசலில் குடியிருக்கும் பல்லி.

ஒரு வருடம் பள்ளிக்கு வந்த மானியம் ஒரு வேலைக்குத்தான் காணும். தலைமையாசிரியை ஜெசிந்தா தனக்குத்தானே புலம்பினாராம்: "விரிசலைப் பூசி வெள்ளையடிக்கணுமா? பிள்ளைங்க கேட்கிற ஊஞ்சலைப் போடணுமா?"

ஊஞ்சல் என்ற சொல் முடியுமுன் பல்லி 'இச் இச்' என்றது.

"பல்லியே சொல்லிடுச்சு!" ஜெசிந்தா துள்ளி எழுந்தார். அடுத்த வாரமே பிள்ளைகள் ஊஞ்சலில் ஆடி வேப்பங்கிளையை எட்டி உதைத்துக் கூச்சலிட்டார்கள்.

"எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான் அண்ணே," என்று பல்லி இன்றும் என்னிடம் பெருமையடித்துக்கொள்ளும். அந்தக் கூச்சலைக் கேட்டால் எனக்கும் நம்பத்தான் ஆசை.

நேற்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்: "ஏன் தம்பி, விரிசலைப் பூசி வெள்ளையடித்திருந்தால் நீ எங்கே குடியிருந்திருப்பாய்?"