ஒனக்க பேரை எடு

தாணுமாலையனுக்கு எவனையும் நம்பிப் பழக்கமில்லை. மகன் சம்பளமில்லாமல் கம்ப்யூட்டரில் எழுதிக் குவிக்கிறான் என்றதும் சந்தேகம் வந்துவிட்டது.

“என்னத்தலே எழுதுக?”

“பூட்டுப் போட்ட சினிமா டிஸ்க்கை கம்ப்யூட்டர்ல உள்ள ஓசி பிளேயர்ல ஓட்டுகதுக்கு இன்டர்நெட்டுல போடுக விளக்கம்ப்பா. காசு குடுத்து வாங்கின டிஸ்க்குதான். ஆனா பூட்டைத் திறக்கச் சொல்லிக்குடுத்தாலே கேஸுன்னு கம்பெனிக்காரன் மிரட்டுகான்.”

“துபாய் விசாவுக்குக் காத்துக் கெடக்கவன் செய்ய வேலையாலே இது? கேஸு வந்தா விசா போச்சு. ஒனக்க பேரை எடு. மொட்டைக் கடுதாசிக்கு எவன் வந்து பிடிப்பான்?”

மகன் ஸ்ரீஜித்தின் பேர் திரையிலிருந்து மறையும்வரை அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

இரண்டு மாதம் கழித்து, ஆரல்வாய்மொழிக் காற்றில் சைக்கிளை உருட்டிக்கொண்டு தபால்காரர் வந்தார்.

“ரெஜிஸ்டர் தபாலு. கையெழுத்தா, கைநாட்டா?”

“மகன் பேருக்கா?”

“இல்ல, உங்க பேருக்கு.”

ஸ்ரீஜித் பிரித்து வாசித்தான். “பூட்டை உடைக்கும் வழியை ஊருலகத்துக்கு எழுதிக்காட்டிய தாணுமாலையன் கோர்ட்டில் ஆஜராக வேண்டும்.”

“நான் மூணாங்கிளாஸுதாம்லே படிச்சது! எனக்க பேரு கம்பெனிக்காரனுக்கு எப்படிக் கிட்டிச்சு?”

“எழுதினவன் பேரு அதுல இல்லைல்லா? அதான், எந்த வீட்டு லைன்ல இருந்து போச்சுன்னு கோர்ட்டு வழியா இன்டர்நெட்காரன்கிட்ட கேட்டிருக்கான்.”

தாணுமாலையன் சுவரைப் பார்த்தார். இன்டர்நெட் பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. வீட்டுத்தீர்வை, கரண்டு, தண்ணீர் போல அந்தக் கனெக்‌ஷனையும், பெற்ற மகனைக்கூட நம்பாமல், அவர் தன் பேரில்தான் வாங்கியிருந்தார்.